முன்னூத்தம்பதில் ஒரு மரணம்

பூபதி அந்த பிலிம் துண்டைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, அதன் வழியே ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். எதிர் ஒர்க் ஷாப் வாசலில் நின்ற போர்வெல் ரிக் வண்டியின் முதுகில் எழுதியிருந்த செல்போன் நம்பர் பளிச்சென்று தெரிந்தது.

"அக்கா, இது என் மூக்குக் கண்ணாடியைவிடச் சுத்தமா இருக்கு. பிரேம் போட்டு மாட்டிக்கலாம்."

கோகிலவாணி அலமாரியில் அடுக்கியிருந்த வேறொரு துண்டை எடுத்து அவனிடம் நீட்டினாள். "இப்ப இதுல பாரு."

பார்த்தான். ரிக் வண்டி பாலில் முக்கி எடுத்த மாதிரி மங்கலாகத் தெரிந்தது. நம்பர் தெரியவில்லை.

"இது வெள்ளையடிச்சிருக்கு."

"வெள்ளையடிக்கல. கெட்டியான பாலியஸ்டர் பிலிமே அப்படித்தான் இருக்கும். மோட்டாருக்குள்ள, டிரான்ஸ்பார்மருக்குள்ள கரண்ட் அங்க இங்க தாவாம தடுக்கறதுக்கு வைக்கிறது. நீ முதல்ல பாத்தது மணியன் தொட்ட பெட்டியில இருந்தது."

பூபதியின் கை தானாகத் தாழ்ந்தது. அவனுக்கு எதிலும் ஒரு கிண்டல் வரும். செத்துப் போனவன் பெயர் வந்தால் மட்டும் வராது.

புதுச்சத்திரம் பக்கத்தில் ஒரு கோழிப்பண்ணை. அங்கே தண்ணீர் விடும் மணியன், போன வாரம் மோட்டார் போடப் போனவன், ஸ்டார்ட்டர் பெட்டியின் இரும்புக் கதவைத் தொட்டபடியே சுருண்டு விழுந்தான். உள்ளே ஒயர் நுனி ஒன்று தடுப்பு பிலிமைக் குத்திக் கிழித்துக்கொண்டு வந்து கதவில் பட்டிருந்தது. முன்னூற்றைம்பது மைக்ரான் கனம் இருக்க வேண்டிய பிலிம், அளந்து பார்த்தால் எண்பத்தெட்டு. அதை லேசர் மெஷினில் வெட்டிக் கொடுத்தது திருச்செங்கோட்டு ரோட்டில் இருக்கும் இந்த யூனிட். மெஷின் ஓட்டுகிற குணசீலன் இப்போது லாக்கப்பில் இருந்தான். நல்ல ரோலை வெளியே விற்றுவிட்டு, மட்டமான ரோலைப் போட்டு வெட்டினான் என்பது இன்ஸ்பெக்டர் குருமூர்த்தியின் முடிவு. சாயங்காலம் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தப் போகிறார்கள். அதற்குப் பிறகு ஜெயில்.

குணசீலனின் மனைவி ஜோதிதான் துப்பறியும் கோகிலவாணியைத் தேடி வந்தவள். அவளும் இதே யூனிட்டில் பேக்கிங் வேலை செய்கிறாள். இப்போது சுவரோரமாக நின்று, சுடிதார் துப்பட்டாவின் முனையை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள்.

"அவரு வெட்டுனேன்னு சொல்றாருங்க. திருடுனேன்னு சொல்லலைங்க. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்குதுங்களே?"

"இருக்கு. உங்க ஊட்டுக்காரரு வேற என்ன சொல்றாரு?"

"அதுக்கு மேல வாயே தொறக்க மாட்டேங்கறாருங்க."

யூனிட்டின் உரிமையாளர் கிருத்திகா மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். இன்ஜினியரிங் படித்தவள். மாமனாரின் விசைத்தறிக் கொட்டகையைக் காலி செய்து, கடன் வாங்கி மெஷின் இறக்கி, மூன்று வருடத்தில் நாமக்கல், சேலம், கோயமுத்தூர் வரை பெயர் வாங்கியவள். கண்ணுக்குக் கீழே கருப்பு விழுந்திருந்தது.

"மேடம், நான் அந்த ரோலைக் கண்ணால பாத்ததே இல்ல. அதை வெட்டுன அன்னிக்கு நான் சேலத்துல ஆடிட்டர் ஆபீஸ்ல இருந்தேன். குணசீலனைத் தம்பி மாதிரி நம்புனேன். அவன் எந்தக் குப்பையைக் கொண்டுவந்து போட்டான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

கோகிலவாணி மணியன் பெட்டியின் துண்டை வாங்கி, அதன் ஓரத்தில் நகத்தை மெல்ல ஓட்டினாள். லேசர் வெட்டும்போது பிலிமின் ஓரம் உருகி, சேலை ஓரம் மடித்து அடித்த மாதிரி ஒரு மெல்லிய வரப்பு நிற்கும். இதிலும் நின்றது. சீராக, வெள்ளையாக.

"கெட்டி பிலிமுக்கு வைக்கிற பவர்ல இந்த மெல்லிசை வெட்டினா என்ன ஆகும்?"

"கருகிடும். சுருண்டு அப்பளம் மாதிரி ஆயிடும்" என்றாள் கிருத்திகா.

"இது கருகல."

கோகிலவாணி துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"அப்படின்னா வெட்டினவனுக்கு இது மெல்லிசுன்னு தெரியும். பவரைக் குறைச்சு வெச்சுப் பக்குவமா வெட்டியிருக்கான்."

ஜோதியின் விரலில் சுற்றியிருந்த துப்பட்டா அப்படியே நின்றது. கிருத்திகா பெருமூச்சு விட்டாள். "இதைத்தான் மேடம் நானும் சொன்னேன்."

காருக்கு நடக்கும்போது பூபதி குரலைத் தாழ்த்தினான். "அக்கா, நம்மளைக் கூட்டிட்டு வந்தது அந்தப் பொண்ணு. நாம அவ புருசனுக்கே சங்கிலியை இறுக்கி விட்டுட்டு வாரோம். நல்ல கம்பெனி நடத்தறோம் போங்க."

"வண்டியை எடு."

"எங்கே?"

"எண்பத்தெட்டுக்கு."

"டிஎன் எண்பத்தெட்டு நம்ம நாமக்கல் ஆர்டிஓ. லைசென்ஸ் எடுக்கவா போறோம்?"

கோகிலவாணிக்கு ஐம்பத்திரண்டு வயது. இருபத்தைந்து வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்து விசாரித்துவிட்டு, விருப்ப ஓய்வில் உட்கார முடியாமல் துப்பறியும் போர்டு மாட்டியவள். ரிக் லாரி ஓட்டிக்கொண்டிருந்த பூபதியை டிரைவராக வைத்தாள். அவன் வாய் காரணமாக உதவியாளராகப் பதவி உயர்வு கொடுத்தாள். வாய் மூடும் என்று நினைத்துச் செய்தது. மூடவில்லை.

"எண்பத்தெட்டுங்கிற கனத்துல யாரும் பிலிம் செய்யறதில்ல பூபதி. எழுபத்தஞ்சு செய்வாங்க, நூறு செய்வாங்க. இந்த நம்பர் மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு. நாலால பெருக்கு."

"ஓட்டிக்கிட்டே பெருக்கச் சொல்றீங்க. எட்டு நாலு முப்பத்திரண்டு... முன்னூத்தி அம்பத்தி ரெண்டு."

"அந்த ரெண்டு, அளந்த மெஷினோட பிசகு. விட்டுடு."

"முன்னூத்தம்பது!" பூபதி பிரேக்கை மிதித்துவிட்டான். பின்னால் வந்த முட்டை வண்டிக்காரன் ஹாரனாலேயே திட்டிவிட்டுப் போனான். "அக்கா, அதே நம்பர்!"

"அதேதான். கரண்ட் வேலைக்காரங்க கனத்தை மைக்ரான்ல சொல்வாங்க. கவர், பாக்கெட் போடற பிளாஸ்டிக் கடைக்காரங்க கேஜ்ல சொல்வாங்க. நாலு கேஜ் சேர்ந்தா ஒரு மைக்ரான். ஆனா ரெண்டு கூட்டமும் அளவோட பேரைச் சொல்ற வழக்கமே கிடையாது. 'முன்னூத்தம்பது ஒரு ரோல் குடு', அவ்வளவுதான்."

"டீக்கடையில 'ரெண்டு'ன்னா டீ. டாஸ்மாக்ல 'ரெண்டு'ன்னா வேற."

"இப்ப யோசி. நல்ல ரோலைத் திருடி வித்தவன், பதிலுக்கு மட்டமானதை வாங்கப் போனா என்ன கேப்பான்? இருக்கறதுல சல்லிசா ஒண்ணு குடுன்னுதான் கேப்பான். முன்னூத்தம்பதுன்னு கறாரா கேப்பானா?"

பூபதி மெதுவாகத் தலையாட்டினான். "சரியான சாமானை வாங்கறோம்னு நெனைச்சவன்தான் அந்த நம்பரைக் கேட்டிருப்பான்."

"வாங்கினதுல திருட்டு இல்ல. பிசகு. அந்தப் பிசகு யாரோடதுன்னு தெரிஞ்சா, மீதி தெரியும்."

அந்தக் கனத்தில், அத்தனை தெளிவாக, பாலியஸ்டர் ரோல் வைத்திருக்கும் கடைகள் இந்த வட்டாரத்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. சேலத்துக் கடைக்காரர் போனிலேயே கையை விரித்தார். ஆட்டையாம்பட்டிக் கடையில் போனை எடுத்த பெண், "அந்த முன்னூத்தம்பதா? அது வித்துப் போச்சுங்களே" என்றாள். அரை மணி நேரத்தில் அந்தக் கடை வாசலில் கார் நின்றது.

முறுக்குக் கவர், ஜவ்வரிசிப் பை, டப்பா மூடி வெட்டும் தெளிவான பிலிம் என்று தரையிலிருந்து கூரை வரை ரோல்களாக நின்றிருந்தன. நடுவே தேவிப்ரியா என்கிற அந்தக் கடைக்காரப் பெண். பூபதி எதிர்க் கடையில் கை முறுக்கு ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு, கடித்தபடியே உள்ளே வந்தான்.

"எங்க பார்ட்டிங்க இருநூறு கேப்பாங்க, முன்னூறு கேப்பாங்க, நானூறு கேப்பாங்க" என்றாள் தேவிப்ரியா. "முன்னூத்தம்பது கேஜ் கம்பெனியில தப்பா அனுப்பிச்ச ரோலுங்க. வருசக்கணக்கா மூலையில கெடந்துச்சு. ஒரு அம்மா போன் பண்ணி அதையே கேட்டாங்க. கும்பிடு போட்டு, திருச்செங்கோடு பஸ்ஸுல ஏத்திவிட்டுட்டேன்."

முறுக்கு பூபதியின் வாயில் பாதியில் நின்றது. "அம்மாவா?"

"ஆமாங்க. பொம்பளைக் குரல்."

"பேர் சொன்னாங்களா?"

"முன்னூத்தம்பது பாலியஸ்டர் ஒரு ரோல் அவசரம்னாங்க. பஸ் ஸ்டாண்டுல ஆளு வந்து எடுத்துக்குமின்னாங்க. காசைக் கண்டக்டர்கிட்டக் குடுத்துவிட்டாங்க. அவ்வளவுதானுங்க. இந்த லேண்ட்லைன்ல நம்பரும் தெரியாது." பழைய போனைத் தட்டிக் காட்டினாள். "ரோல் போய்ச் சேந்ததும் மறுபடி கூப்பிட்டு ஒரே சத்தம். 'என்னங்க இது, காத்துல பறக்குது?'ன்னு. நீங்க கேட்ட முன்னூத்தம்பது கேஜ் அதானுங்கன்னேன். 'கேஜா?'ன்னாங்க. அப்புறம் பேச்சே இல்ல. வெச்சுட்டாங்க."

"குரலைக் கேட்டா அடையாளம் சொல்வீங்களா?"

"ஒரு நாளைக்கு நூறு பேரு 'ஏனுங்க'ங்கறாங்க. எதைன்னு சொல்றது?"

திரும்பும் வழியில் பூபதி ஒரு கிண்டலும் இல்லாமல் காரை விரட்டினான். அது கோகிலவாணிக்கே புதிதாக இருந்தது.

"என்ன பூபதி, முறுக்கு மாட்டிக்கிச்சா?"

"அந்த யூனிட்ல பொம்பளைங்க ரெண்டே பேரு அக்கா. ஓனரம்மா சேலத்துல இருந்தேங்கறாங்க. அவங்க இல்லாதப்போ சாமானுக்குப் போன் பண்றது யாரு?"

"ஜோதி. காலையில அவளே சொன்னா."

"அவ தப்பா வாங்கிட்டா. தெரிஞ்சதும் பயந்துட்டா. புருசன் பவரைக் குறைச்சு வெட்டி மூடி மறைச்சுட்டான். இப்ப அவளைக் காப்பாத்த வாயைத் தொறக்காம உள்ள உக்காந்திருக்கான். எல்லாம் பொருந்துது." ஸ்டியரிங்கை ஓங்கித் தட்டினான். "பொருந்தறது எனக்குப் புடிக்கல."

"எனக்கும் புடிக்கல. போன் கம்பெனியில எழுதிக் கேட்டா வாரக் கணக்காகும். நமக்குச் சாயங்காலம் வரைக்கும்தான் நேரம்." கோகிலவாணி பிலிம் துண்டை மடியில் வைத்துப் பார்த்தாள். "போலீஸ் பேப்பர்ல எல்லா இடத்துலயும் மைக்ரான்தான் எழுதியிருக்கு. கேஜுங்கிற வார்த்தை எங்கேயும் இல்ல. கரண்ட் வேலைக்கு வெட்டறவங்க வாயில அது வராது. போன் பண்ணின அந்தப் பொம்பளை மட்டும்தான் அதைக் கடைக்காரி சொல்லிக் கேட்டவ. அதனால யூனிட்டுக்குள்ள நீ அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது."

"எந்த வார்த்தையை?"

"கேஜ்."

"நீங்கதான் இப்ப சொன்னீங்க."

"பூபதி."

"சரிக்கா. வாயில முறுக்கை வெச்சு அடைச்சுக்கறேன்."

யூனிட்டில் மதியச் சாப்பாடு முடிந்து மெஷின் மறுபடி ஓடிக்கொண்டிருந்தது. கிருத்திகாவே ஓட்டினாள். கோகிலவாணியைப் பார்த்ததும் நிறுத்தினாள். ஜோதி பேக்கிங் மேஜையிலிருந்து எழுந்து வந்தாள்.

கோகிலவாணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ஜோதி, இந்தத் துண்டைத் தொட்டுப் பாரு. இது என்ன பிலிமு, எங்கிருந்து வந்திருக்கும்?"

பூபதி தரையைப் பார்த்தான். 'சொல்லிடாதே தாயி' என்று அவன் மனசு அடித்துக்கொண்டது.

ஜோதி துண்டை இரண்டு விரலில் பிடித்து உரசினாள். "ரொம்ப மெல்லிசுங்க. எங்கிருந்து வந்துச்சோ தெரியலைங்க. அன்னிக்கு நான் மதியத்துக்கு மேல லீவுங்க, பையனுக்குக் காச்சல். மறுநா வந்து பாத்தா பேக் பண்ணி லாரியே போயிருந்துச்சு."

"அந்த ரோலோட அட்டையில முன்னூத்தம்பதுன்னு எழுதியிருந்ததாம்" என்றாள் கோகிலவாணி, சாதாரணமாக. "அதைப் பாத்து உங்க ஊட்டுக்காரரு ஏமாந்திருக்கலாம். பவர் விஷயத்தை நான் தப்பா சொல்லியிருக்கலாம். நான் ஸ்டேஷன்ல பேசிப் பாக்கறேன். நம்பர் சரியா இருந்தா பாவம், வேலைக்காரன் என்ன பண்ணுவான்? சாமான் குடுத்தவங்களைத்தானே கேக்கணும்?"

கிருத்திகாவின் முகம் சிவந்தது. "அது எப்படி மேடம் ஏமாறுவான்? மூணு வருசமா பிலிம் தொடறவன். அட்டையில என்ன வேணா எழுதியிருக்கட்டும், அது முன்னூத்தம்பது கேஜ், மைக்ரான் இல்லன்னு கையில எடுத்ததுமே..."

நிறுத்திவிட்டாள்.

பூபதி தலையைத் தூக்கினான். அவன் வாயில் முறுக்கும் இல்லை, வார்த்தையும் இல்லை.

"கேஜுன்னு யார் சொன்னது?" என்று கேட்டாள் கோகிலவாணி.

"பிலிம் தொழில்ல இருக்கறவங்களுக்குத் தெரியாதா மேடம்?"

"கேஜுன்னா என்னன்னு தெரியலாம். இந்த ரோல் கேஜ் ரோல்னு எப்படித் தெரிஞ்சுது? காலையில ரோலையே கண்ணால பாத்ததில்லன்னீங்க. ஆட்டையாம்பட்டிக் கடைக்காரி ஒருத்திகிட்ட மட்டும்தான் அந்த வார்த்தை இருந்துச்சு. அவ அதை ஒரே ஒரு ஆளுக்குச் சொன்னா. அந்த ஆளு 'கேஜா?'ன்னு கேட்டுட்டு போனை வெச்சுட்டாங்க. ஆடிட்டர் ஆபீஸ்லருந்து நீங்க எத்தனை மணிக்குக் கிளம்பினீங்கன்னு நான் இனிமேதான் விசாரிக்கணும். விசாரிக்கட்டுமா?"

கிருத்திகா மெஷின் மேல் கையை ஊன்றிக்கொண்டாள். அழவில்லை. அழுதிருந்தால் பூபதிக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"வழக்கமா குடுக்கற சேலத்து டீலர்கிட்ட ஸ்டாக் இல்ல. யாரோ இந்த நம்பரைக் குடுத்தாங்க. வெறும் முன்னூத்தம்பதுன்னு சொன்னேன். எப்பவும் அப்படித்தான் சொல்வேன். ஸ்டார்ட்டர் பெட்டி செய்யற பேனல் கம்பெனி லாரி வாசல்ல வந்து நின்னுடுச்சு. அனுப்பலைன்னா அந்த ஆர்டரோட அவங்க உறவே முடிஞ்சுது. சும்மா தடுப்புக்கு வைக்கிறதுதானே, ஒயர் அது மேல படவா போகுதுன்னு நெனைச்சேன்."

"குணசீலன்?"

"'இது தாங்குமாங்கக்கா?'ன்னு கேட்டான். பவரைக் குறைச்சு வெட்டுன்னேன்."

"வெட்டினாரு."

"வெட்டினான்." கிருத்திகா ஜோதியைப் பார்க்காமல் சொன்னாள். "ஸ்டேஷன்ல போய்ப் பாத்தேன். என்னைக் காட்டிக் குடுப்பான்னு நெனைச்சுத்தான் போனேன். 'என்ற கைதானுங்க வெட்டுச்சு'ன்னு மட்டும் சொன்னான். நான் அதை அப்படியே விட்டுட்டு வந்துட்டேன்."

ஜோதி சுவரில் சாய்ந்தாள். அவள் புருசன் திருடன் இல்லை. ஆனால் அவனுக்குத் தெரிந்திருந்தது. கேட்டான், பதில் வந்தது, வெட்டினான். இரண்டையும் ஒரே மூச்சில் விழுங்க வேண்டியிருந்தது அவளுக்கு.

கோகிலவாணி எழுந்தாள். ஏதோ ஒன்று அவளை இன்னும் போகவிடவில்லை. "ஒரு ரோல்னா ஒரு துண்டு இல்ல. அந்த லாரியில எத்தனை பெட்டிக்குப் போச்சு?"

கிருத்திகா மெஷின் மேலிருந்த தன் போனைக் கையில் எடுத்தாள்.

"எத்தனை?"

"முப்பது பெட்டிக்கு மேல. எல்லாம் இந்தப் பக்கத்துப் பண்ணைங்க, தோட்டங்க."

"எங்கெங்கேன்னு தெரியுமா?"

"தெரியும். மணியன் செத்த அன்னிக்கே பேனல்காரர்கிட்ட கேட்டு எல்லார் நம்பரையும் போன்ல வாங்கி வெச்சேன்." அவள் குரல் உள்ளே போயிற்று. "ஒருத்தருக்குக் கூப்பிட்டாலும் ஏன்னு கேப்பாங்க. அதனால..."

"ஒரு வாரமா?" என்றான் பூபதி. பெட்டி பெட்டியாக, காலையும் மாலையும், ஈரக் கையோடு போய்க் கதவைத் திறக்கும் ஆட்களை அவன் நினைத்துப் பார்த்தான். வெளியே வெயில் சாய ஆரம்பித்திருந்தது. சாயங்காலத் தண்ணீர் விடுகிற நேரம்.

கோகிலவாணி போனுக்குக் கை நீட்டினாள். கிருத்திகா அதை இறுகப் பிடித்தபடி நின்றாள். கொடுக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. ஜோதிதான் நடுவில் வந்து, முதலாளியம்மா என்று பார்க்காமல், அதை அவள் கையிலிருந்து பிடுங்கினாள். திரையைக் கிருத்திகாவின் முகத்துக்கு முன்னால் நீட்டி, பூட்டைத் திறக்க வைத்தாள். முதல் நம்பரைத் தட்டி ஸ்பீக்கரில் போட்டாள்.

வெகுநேரம் மணி அடித்தது.

"ஆரு?" வயசான பெண் குரல். பின்னால் கோழிச் சத்தம்.

"ஏனுங்கம்மா, மோட்டாரு போட்டுட்டீங்களா?"

"இல்ல கண்ணு. அவரு இப்பத்தான் பெட்டிகிட்டப் போறாரு. நான் ஆத்தாயி பேசறேன். நீ ஆரு?"

ஜோதி போனை வாயருகே கொண்டுபோனாள்.

"புதுச்சத்திரத்துல மணியன் செத்தாரில்லைங்களா, அந்தப் பெட்டிக்கு பிலிமு வெட்டுனவரோட சம்சாரம் பேசறேனுங்க. உங்க பெட்டியிலயும் அதுதானுங்க இருக்குது. அவரைக் கூப்புடுங்க. பெட்டியத் தொட வேண்டாமுன்னு சொல்லுங்க."

போன் எங்கேயோ விழுந்தது. "ஏனுங்க! ஏனுங்கோ!" என்று குரல் தூரமாக ஓடியது. செருப்புச் சத்தம். கோழிகள் கலைந்து கத்தின. "ஏனுங்கோ, பெட்டியத் தொடாதீங்கோ!"

அப்புறம் எதுவும் கேட்கவில்லை.

கிருத்திகா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். பூபதி போனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னாடி இது," என்று ஒரு கிழவரின் எரிச்சலான குரல் தூரத்தில் கேட்டது, "உசுரு போற மாதிரி கத்தற?"

ஜோதி புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த நம்பரைத் தட்டினாள்.